தீம் பார்க் ஹாலோவீன் இரவுகள்: காசு கொடுத்துப் பயப்படப் போகலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய தீம் பார்க்குகள் பலவற்றுக்கு செப்டம்பர், அக்டோபரில் இரண்டு முகம். பகலில் குழந்தைகளும் ராட்டினங்களும். சாயங்காலம் ஆனதும் பகல் கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு, தனி டிக்கெட் வாங்கியவர்களை உள்ளே விடுகிறார்கள். புகை, இருட்டு, ரத்தச் சாயம், ரம்பத்தோடு துரத்தும் ஆட்கள் என்று அதே இடம் ஆளே மாறிப்போகும். யூனிவர்சல் ஸ்டூடியோஸின் ‘ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ்’, கலிஃபோர்னியாவின் ‘நாட்ஸ் ஸ்கேரி ஃபார்ம்’, இங்கிலாந்தில் தார்ப் பார்க்கின் ‘ஃப்ரைட் நைட்ஸ்’ எல்லாம் இந்த ரகம். போகலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், போவது வொர்த்தா?

கூட்டம் குறைந்த வார நாள் இரவில் போனால் தாராளமாக வொர்த். அக்டோபர் கடைசி வார சனிக்கிழமை, வரிசையைச் சுருக்க தனிக் காசு கொடுத்து வாங்கும் எக்ஸ்பிரஸ் பாஸும் இல்லை என்றால் பேசாமல் வீட்டில் இருங்கள். இரண்டு இரவிலும் பேய் ஒன்றுதான், நடிகர்கள் அவர்கள்தான், செட்டும் அதேதான். நீங்கள் வரிசையில் நிற்கும் நேரம் மட்டும் மாறுகிறது. டிக்கெட் காசு செரிக்குமா செரிக்காதா என்பதை அதுதான் முடிவு செய்யும். பயமாக இருக்குமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். எந்தத் தேதியில் போவது என்று கேட்பவர்கள் குறைவு.

வரிசை அவ்வளவு மோசமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். யூனிவர்சலின் ஃபுளோரிடா பூங்கா இருக்கும் ஆர்லாண்டோவில் 2018 முதல் ஒரு சீசனுக்கு 10 பேய் வீடுகள் வைக்கிறார்கள். ஒரு வீட்டைக் கடந்து வெளியே வர மூன்று முதல் ஐந்து நிமிடம். பத்தையும் சேர்த்தால் ஒரு மணி நேரம்கூடத் தேறாது. கூட்டமான இரவில் ஒரு வீட்டுக்கு ஒரு மணி நேரம் நிற்பது சாதாரணம். பெயர் பெற்ற வீடு என்றால் இரண்டு மணி நேரத்தைத் தொடும். மாலை 6.30-க்குத் திறந்து நள்ளிரவு தாண்டி 2 மணிக்கு மூடினாலும் மொத்தமே ஏழரை மணி நேரம்தான். பத்து வீட்டுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் நின்றால் கணக்கு இடிக்கிறது அல்லவா? ஐந்தாறு வீடுகளோடு திரும்ப வேண்டியதுதான்.

கூட்டம் இல்லாத இரவில் அதே வீடுகளுக்கு இருபது, முப்பது நிமிடம் நின்றால் போதும். பத்தையும் பார்த்துவிட்டு, பிடித்ததை இரண்டாம் முறையும் பார்க்கலாம்.

உள்ளே என்னதான் இருக்கும்?

மூன்று வகை. முதலாவது, பேய் வீடு. நடந்தே போகிற பாதை. அறை அறையாக செட் போட்டிருப்பார்கள். இரண்டாவது, ஸ்கேர் ஜோன். பூங்காவின் தெருக்களில் புகையைப் பரப்பி, வேஷம் போட்டவர்களை உலவ விட்டிருப்பார்கள். இதற்கு வரிசை கிடையாது. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும்போது தானாகவே மாட்டிக்கொள்வீர்கள். மூன்றாவது, மேடை நிகழ்ச்சி. நடனம், நெருப்பு, நையாண்டி என்று இடத்துக்கு இடம் மாறும். கால் வலித்தால் உட்கார ஒரு சாக்கு.

பலரும் பேய் வீடுகளை மட்டும் எண்ணிக்கொண்டு ஸ்கேர் ஜோன்களை ஓட்டமாகக் கடந்துவிடுகிறார்கள். அங்கே பத்து நிமிடம் ஓரமாக நின்று மற்றவர்கள் மாட்டிக்கொள்வதைப் பாருங்கள். அந்த இரவின் நல்ல சிரிப்பு அங்கேதான் இருக்கிறது, அதுவும் வரிசையில் நிற்காமல்.

நிஜமாகவே பயமாக இருக்குமா? பொம்மையும் முகமூடியும்தானே?

பொம்மையும் முகமூடியும்தான். ஆனாலும் அலறுவீர்கள். எப்படி என்று பார்க்க ஓர் அறைக்குள் மெதுவாகப் போவோம்.

நுழைந்ததும் இடது பக்கம் பழைய சாப்பாட்டு மேசை. மேசைக்கு நேர் மேலே ஒற்றை விளக்கு. விளக்கின் கீழ் வயிறு கிழிந்த ஒரு பொம்மை. கண் தானாக அங்கே போகும். அதற்காகத்தான் விளக்கையே அங்கே தொங்கவிட்டிருக்கிறார்கள். வலது பக்கச் சுவரில் ஒரு கிழவியின் படம் மாட்டியிருக்கும். யாரும் அதைக் கவனிப்பதில்லை. படத்துக்குப் பின்னால் கறுப்புத் துணிக்கு நடுவே ஒருவர் நிற்கிறார். காலடியில் ஒரு மிதி பொத்தான். மேசையைப் பார்த்துக்கொண்டே நீங்கள் படத்தைத் தாண்டுகிற நொடியில் பொத்தானை மிதிக்கிறார். படம் சரேலென்று கீழே இறங்குகிறது. வெள்ளை வெளிச்சம் பளீரென்று அடிக்கிறது, ஸ்பீக்கரில் ஒரு கதறல், உங்கள் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் அவர் முகம். இரண்டே விநாடி. படம் மறுபடி மேலே போய்விடும். நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, அசடு வழியச் சிரித்தபடி அடுத்த திரையை விலக்குவீர்கள். அங்கே இன்னொருவர் நிற்பார். சிரிக்கிறவன் தயாராக இருக்க மாட்டான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. பயமுறுத்துகிறவர் பெரும்பாலும் பக்கவாட்டிலிருந்தோ சற்றுப் பின்னாலிருந்தோ வருவார். அப்போதுதான் ஆட்கள் முன்பக்கமாக ஓடுவார்கள், பாதை அடைபடாது. நேர் எதிரே வந்து நின்றால் எல்லாரும் பின்வாங்கி ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். பயமுறுத்தி முன்னே தள்ளு என்பது இந்தத் தொழிலின் பாலபாடம்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். வீடு கட்டுகிறவர்கள் பிழைப்பதே அதை நம்பித்தான். ஓர் அறையில் ஒரே மாதிரி உடையில் பத்து உருவங்களை நிற்க வைப்பார்கள். அதில் ஒன்பது பொம்மை. பத்தாவது எது என்று தெரியாமல் ஒவ்வொன்றையும் ஒட்டிக் கடக்கிற அந்த அரை நிமிடம், திடீர்க் கதறலைவிட எனக்கு அதிகம் வயிற்றைக் கலக்கும்.

அவர்கள் நம்மைத் தொடுவார்களா?

பெரிய தீம் பார்க்குகளில் தொட மாட்டார்கள். மூச்சுக்காற்று படுகிற அளவுக்கு நெருங்குவார்கள், காதில் ஏதாவது முணுமுணுப்பார்கள், பின்னாலேயே நடந்து வருவார்கள், அவ்வளவுதான். நீங்களும் அவர்களைத் தொடக் கூடாது. அடித்தால் வெளியே அனுப்புவார்கள். விஷயம் போலீஸ் வரையும் போகலாம். பயத்தில் தன்னையறியாமல் கை ஓங்குகிற பழக்கம் உள்ளவர்கள் கைகளைக் கட்டிக்கொண்டோ பாக்கெட்டில் விட்டுக்கொண்டோ நடப்பது நல்லது. வேஷத்துக்குள் இருப்பவர் சம்பளத்துக்கு வேலை பார்க்கிற மனிதர்.

ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பிடித்து இழுத்து, கட்டிப்போடுகிற தனியார் பேய் வீடுகளும் இருக்கின்றன. அது வேறு உலகம். அந்தக் கதைகளைக் கேட்டுவிட்டு தீம் பார்க்கைப் பார்த்து மிரள வேண்டாம்.

ரம்பம்? சங்கிலியைக் கழற்றியிருப்பார்கள். சத்தமும் பெட்ரோல் வாசனையும் நிஜம்.

நான் பயந்தாங்கொள்ளி. எனக்கு இது சரிப்படுமா?

சரிப்படலாம். டென்மார்க்கின் ஓர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில், விரும்பிப் படுகிற பயத்தை ஆராயவே ஒரு குழு இயங்குகிறது. 2020-இல் வெளியான அவர்களின் ஆய்வு ஒன்றில், 110 பேருக்கு இதயத் துடிப்பை அளக்கும் கருவியை மாட்டி ஒரு பேய் வீட்டுக்குள் அனுப்பினார்கள். பயம் மிகக் குறைவாக இருந்தபோதும் ரசிக்கவில்லை, அளவுக்கு மீறியபோதும் ரசிக்கவில்லை. நடுவில் ஓர் இடத்தில்தான் ரசிப்பு உச்சத்தில் இருந்தது. அந்த நடு இடம் ஆளுக்கு ஆள் மாறும்.

அதே குழுவினர் அதற்கு முந்தைய ஆண்டு வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. பேய் வீட்டுக்கு வருகிறவர்களில் ஒரு சாரார் பயத்தை ஏற்றிக்கொள்ளப் பார்க்கிறார்கள். இன்னொரு சாரார் கண்ணை மூடி, துணைக்கு வந்தவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, இது நிஜமில்லை என்று தனக்குத்தானே சொல்லி, பயத்தை இறக்கப் பார்க்கிறார்கள். வெளியே வந்ததும் இரு சாராருக்கும் திருப்தி ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. ஆக, தோளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டே நடந்தாலும் காசு வீணில்லை.

வாய்விட்டுக் கத்துங்கள், அது உதவும். கூச்சப்பட்டு அடக்குகிறவர்கள்தான் அதிகம் நடுங்கிப் போகிறார்கள். நான் கூட்டிப்போன எல்லாரிடமும் இதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நல்ல பழக்கம்: முதல் வீடாக மிகவும் பேசப்படுகிற கொடூரமான வீட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நகைச்சுவை கலந்த வீடு ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றாவது இருக்கும். அதில் தொடங்குங்கள்.

பாதியில் வெளியே வர முடியுமா?

முடியும். வழியில் கறுப்பு உடையில் டார்ச்சோடு ஊழியர்கள் நிற்பார்கள். நின்று, ‘வெளியே போக வேண்டும்’ என்று சொன்னால் பக்கவாட்டுக் கதவு வழியாக அனுப்பிவிடுவார்கள். யாரும் கேலி செய்ய மாட்டார்கள். அவர்களுக்குத் தினமும் நடக்கிற சங்கதி.

சில பூங்காக்களில் இருட்டில் ஒளிரும் ஒரு மாலையைத் தனியாக விற்கிறார்கள். அதைப் போட்டிருந்தால் வேஷக்காரர்கள் உங்களைக் கண்டுகொள்ளாமல் போவார்கள். யூனிவர்சல் மாதிரி இடங்களில் இந்த ஏற்பாட்டை எதிர்பார்க்காதீர்கள்.

வரிசையில் எந்த இடத்தில் நின்றால் அதிகம் பயம்?

முதலில் போகிறவருக்குத்தான் எல்லாம் நடக்கும் என்று ஒரு நம்பிக்கை. முழுக்க சரியில்லை. நடிகர் குழுவை நோட்டம் விட்டு, யார் அதிகம் பயப்படுகிறார் என்று பார்த்துக் குறி வைப்பார். முன்னால் போகிறவர் துணிச்சலாகத் தெரிந்தால் அவரை விட்டுவிட்டு, பின்னால் கூனிக்குறுகி வருகிறவரைப் பிடிப்பார். கடைசியில் வருகிறவருக்கு முதுகுப் பக்கம் காவல் இல்லை. அவருக்கும் நிச்சயம் உண்டு. நடுவில் இருப்பவருக்குத்தான் ஓரளவு பாதுகாப்பு.

இடத்தைவிட இடைவெளி முக்கியம். கூட்டமான இரவில் ஆட்களை நிறுத்தாமல் தொடர்ச்சியாக உள்ளே விடுவார்கள். முன்னால் போகிறவரின் முதுகை ஒட்டி நடந்தால், அவர் அலறுவதைப் பார்த்தே அடுத்து எங்கிருந்து வருவார்கள் என்று தெரிந்துவிடும். நடிகர் திரைக்குப் பின்னால் திரும்பிப் போவதையும் பார்ப்பீர்கள். பாதி மாயம் அங்கேயே போச்சு. முன்னால் இருப்பவருக்கும் உங்களுக்கும் நாலைந்து அடி விட்டு நடந்தால் கதையே வேறு. ரொம்பவும் நின்றால் ஊழியர் டார்ச் அடித்து, நடங்கள் நடங்கள் என்பார். எல்லாருக்கும் சொல்வதுதான், பொருட்படுத்த வேண்டாம்.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

வேண்டாம். அமெரிக்காவில் யூனிவர்சலே 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பரிந்துரைக்கவில்லை என்கிறது. ‘பரிந்துரைக்கவில்லை’ என்றால் தடை என்று அர்த்தமில்லை, அதனால் சிறு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிற பெற்றோரையும் பார்க்கலாம். எட்டு வயதுப் பிள்ளை அப்பாவின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுகிறது, அப்பா ‘டிக்கெட் வாங்கியாச்சு’ என்று இழுத்துப் போகிறார். அதில் யாருக்கு என்ன சந்தோஷம்? வளர்ந்தவர்களுக்கு இது நடிப்பு என்று அறிவு சொல்லும். சின்னப் பிள்ளைக்கு அந்தக் கோடு இன்னும் தெளிவாக விழுந்திருக்காது. அதற்கு மேல் நள்ளிரவு வரை தூக்கம் கெடும், சுற்றிலும் குடித்துவிட்டு வருகிறவர்களும் இருப்பார்கள்.

பதின்ம வயதினர் என்றால் அவர்களையே கேளுங்கள். தோழர்கள் முன்னால் வீரம் பேசிவிட்டு வரிசையில் முகம் வெளிறுகிறவர்கள் உண்டு. அப்போது வெளியே நிற்க ஒரு துணை தயாராக இருக்கட்டும். பெரியவர் துணை இல்லாமல் பதின்ம வயதினரை அனுமதிக்காத பூங்காக்களும் இருப்பதால் டிக்கெட் எடுக்கும்முன் விதியைப் படித்துவிடுங்கள்.

பிள்ளைகளோடு ஹாலோவீன் கொண்டாட வேண்டும் என்றால் டிஸ்னியின் வழி வேறு. ஃபுளோரிடாவின் மேஜிக் கிங்டமில் 1995 முதல் நடக்கும் ‘மிக்கீஸ் நாட்-ஸோ-ஸ்கேரி ஹாலோவீன் பார்ட்டி’யில் மிட்டாய், ஊர்வலம், வாணவேடிக்கை எல்லாம் உண்டு, ரம்பம் கிடையாது.

இருட்டு, புகை, நெரிசல்... பாதுகாப்பானதுதானா?

நியாயமான கேள்வி. இதற்குப் பின்னால் ஒரு சோகமும் இருக்கிறது. 1984 மே 11 அன்று, நியூ ஜெர்சியின் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சர் பூங்காவில் ‘ஹான்டட் காசில்’ என்ற பேய் மாளிகை தீப்பிடித்து எட்டுப் பதின்ம வயதினர் இறந்தார்கள். டிரெய்லர் பெட்டிகளை இணைத்துக் கட்டிய அந்த மாளிகையில் தண்ணீர் தெளிக்கும் தீயணைப்பு ஏற்பாடு இல்லை. நுரைப் பஞ்சு போன்ற எளிதில் பற்றுகிற பொருள்கள் உள்ளே இருந்தன. ஏற்கெனவே இருட்டு, அதற்கு மேல் புகை. வெளியே போகும் வழி தெரியவில்லை.

அதற்குப் பிறகு அமெரிக்காவில் இத்தகைய கட்டடங்களுக்கான தீ விதிகள் இறுகின. தண்ணீர் தெளிப்பான்கள், புகை உணரும் கருவிகள், கருவி எச்சரித்ததும் குழப்பமூட்டும் சத்தமும் ஒளி விளையாட்டும் நின்று முழு வெளிச்சம் வருவது எல்லாம் இப்போது கட்டாயம். பேய் வீட்டின் நடுவில் திடீரென்று எல்லா விளக்கும் எரிந்து இசை நின்றால் அதை ஒரு வித்தை என்று நினைத்து நிற்காதீர்கள். ஊழியர் சொல்கிற வழியில் நடங்கள். லைட்டர், சிகரெட், வேப் எதையும் உள்ளே எடுக்காதீர்கள் என்று அவர்கள் கறாராக இருப்பதற்குக் காரணமும் இதுதான்.

மற்றபடி பொதுவாக நடக்கிற விபத்து, இருட்டில் கால் இடறுவது. செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள்.

இதயக் கோளாறு, ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம் இருந்தால்?

வலிப்பு உள்ளவர்கள் தவிர்த்துவிடுங்கள். படபடவென்று மின்னுகிற விளக்குகள் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் உண்டு, எந்த அறையில் என்று முன்கூட்டித் தெரியாது. செயற்கைப் புகை பெரும்பாலும் கிளைக்கால் கலந்த நீரிலிருந்து வருவது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சு இறுகலாம், இன்ஹேலர் கையில் இருக்கட்டும். இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வாசலில் உள்ள எச்சரிக்கைப் பலகையை வேடிக்கைக்கு வைத்ததாக எண்ண வேண்டாம். நெரிசலான இடம் ஆகாதவர்களுக்கு ஒன்று: சில வீடுகளில் இரண்டு பக்கமும் காற்று நிரப்பிய சுவர்கள் உடம்பை நெருக்குகிற பாதை வரும். அப்படி ஏதாவது இருக்கிறதா என்று வாசலில் கேட்டால் சொல்வார்கள்.

எந்த நாளில் போவது?

சீசனின் முதல் இரண்டு வாரங்கள், அதிலும் புதன், வியாழன். ஆர்லாண்டோவில் ஆகஸ்ட் கடைசியிலேயே தொடங்கிவிடுகிறார்கள். ‘ஹாலோவீன் அக்டோபர் 31 தானே’ என்று மற்றவர்கள் காத்திருக்கும்போது போய்விட்டு வாருங்கள். தொடக்க இரவை மட்டும் தவிருங்கள். ரசிகர் பட்டாளம் மொத்தமும் அன்றுதான் திரளும். ஞாயிறு இரவு, மறுநாள் விடுமுறையாக இல்லாவிட்டால், பரவாயில்லை. அக்டோபரில் வெள்ளியும் சனியும் நெரிசல்தான்.

டிக்கெட் விலையே இதைக் காட்டிக்கொடுக்கும். இரவுக்கு இரவு விலை மாற்றி விற்கிறார்கள். எந்த இரவு மலிவோ அன்று கூட்டமும் குறைவு. இப்படி இரண்டு லாபம் ஒன்றாகச் சேர்வது அபூர்வம்.

உள்ளே போனதும் எந்த வரிசையில் நிற்பது?

திறப்பதற்கு முன்பே வாசலில் இருங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் பார்க்கிற வீடுகள்தான் அந்த இரவின் சம்பாத்தியம். ஆர்லாண்டோவில் அன்றைக்கான பகல் டிக்கெட்டும் உள்ளவர்களை, பூங்கா மூடும்போது வெளியே அனுப்பாமல் உள்ளேயே குறிப்பிட்ட இடங்களில் காத்திருக்க விடுகிறார்கள். வெளிக்கதவு திறப்பதற்குள் அவர்கள் ஒன்றிரண்டு வீடுகளைப் பார்த்துவிடுவார்கள். அந்த வசதி உள்ள பூங்கா என்றால் அதைப் பயன்படுத்துங்கள்.

வாசலுக்கு அருகில் உள்ள வீட்டில்தான் எல்லாரும் முதலில் போய் முட்டுவார்கள். நேராகக் கடைக்கோடிக்குப் போய் அங்கிருந்து திரும்பி வாருங்கள். எட்டு மணியிலிருந்து பதினோரு மணி வரை வரிசைகள் உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தைத் தெருவுக்கும் மேடை நிகழ்ச்சிக்கும் சாப்பாட்டுக்கும் விடுங்கள். மிகவும் பேசப்படுகிற வீட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். மூடும் நேரத்துக்கு முன் வரிசையில் சேர்ந்துவிட்டால் பொதுவாக உள்ளே விட்டுவிடுவார்கள். அந்த நேரத்தில் கால் விட்டுப்போன பாதிக் கூட்டம் வண்டி நிறுத்தத்தில் இருக்கும்.

எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்கலாமா?

வருடத்துக்கு ஒரே இரவுதான் முடியும், அதுவும் வார இறுதிதான் என்றால் வாங்குங்கள். இல்லாவிட்டால் வேண்டாம். கூட்ட நாளில் பாஸின் விலை நுழைவுச் சீட்டையே மிஞ்சும். அந்தப் பணத்துக்கு இன்னொரு வார நாள் இரவு வந்துவிடலாம். பாஸ் இருந்தாலும் வரிசை அடியோடு போய்விடாது, சுருங்கும், அவ்வளவுதான்.

வழிகாட்டியோடு குழுவாக எல்லா வீட்டுக்கும் அழைத்துப் போகிற டூரும் யூனிவர்சலில் உண்டு. விலை கேட்டால் அதுவே முதல் அதிர்ச்சி.

ராட்டினங்கள் ஓடுமா?

எல்லாம் ஓடாது, முக்கியமானவை ஓடும். கூட்டம் முழுக்கப் பேய் வீடுகளில் நிற்பதால் பகலில் ஒரு மணி நேரம் நின்ற ரோலர் கோஸ்டருக்கு இரவில் பத்து நிமிடத்தில் போய்விடுகிற சந்தர்ப்பம் அடிக்கடி வாய்க்கும். தார்ப் பார்க் மாதிரி கோஸ்டருக்குப் பெயர் போன இடத்தில் இருட்டில் ஏறுவதே தனி அனுபவம்.

எந்தப் பூங்கா நல்லது?

ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம்.

பழைமை என்றால் நாட்ஸ் ஸ்கேரி ஃபார்ம். 1973-இல் தொடங்கியது, தீம் பார்க் ஹாலோவீன் என்கிற வியாபாரத்துக்கே வழிகாட்டி. அங்கே உயிர் இருப்பது தெருவில்தான். மேற்கத்திய பழங்கால ஊர் போல அமைத்த ‘கோஸ்ட் டவுன்’ முழுக்கப் புகையை நிரப்பிவிடுவார்கள். முழங்காலில் உலோகத் தகடு கட்டியவர்கள் ஓடிவந்து, தரையில் சறுக்கி, தீப்பொறி பறக்க உங்கள் காலடியில் வந்து நிற்பார்கள். அந்தச் சறுக்கு வித்தை பிறந்ததே அங்கேதான்.

அளவும் செய்நேர்த்தியும் என்றால் ஆர்லாண்டோ. 1991-இல் ‘ஃப்ரைட் நைட்ஸ்’ என்ற பெயரில் மூன்றே இரவு, ஒரே வீடு என்று ஆரம்பித்தார்கள். இன்று பத்து வீடு, இரண்டு மாதம். திரைப்பட செட் போடுகிற கைகள் கட்டுவதால் வீட்டுக்குள் வீடு, தெரு, மழை, மேல்மாடி எல்லாம் இருக்கும். ஹாலிவுட் யூனிவர்சலின் சிறப்பு, டிராம் வண்டியில் கொண்டுபோய் உண்மையான படப்பிடிப்பு வளாகத்தில் இறக்கி நடக்கவிடுவது.

சிங்கப்பூர் யூனிவர்சலில் ‘ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ்’ 2011 முதல் நடக்கிறது. 2020, 2021-இல் மட்டும் நடக்கவில்லை. நான்கைந்து வீடுகள்தான். அதனால் ஒரே இரவில் முடித்துவிடலாம் என்பது அதன் பலம். பொந்தியானாக் போன்ற மலாய்ப் பேய்க்கதைகளை வீடாகக் கட்டுகிறார்கள். அமெரிக்கப் பூங்காவில் பார்க்க முடியாதது அது. ஹாங்காங்கின் ஓஷன் பார்க்கும் 2001 முதல் ஹாலோவீன் நடத்துகிறது.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் நான் ஆர்லாண்டோவைச் சொல்வேன். ஆனால் இதற்காகவே கடல் தாண்டிப் போகாதீர்கள். எப்படியும் போகிற பயணத்தில் ஓர் இரவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சினிமாவை வைத்துக் கட்டிய வீடு நல்லதா, சொந்தக் கற்பனையா?

விளம்பரம் முழுக்க சினிமா, தொடர் பெயர்களைச் சுற்றித்தான் இருக்கும்; நீண்ட வரிசையும் அங்கேதான். அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு ஒவ்வொரு காட்சியும் கண் முன்னால் வரும்போது குஷிதான். ஆனால் படத்தைத் தெரிந்தவருக்கு அடுத்து யார் வருவார் என்பதும் தெரிந்துவிடும். சொந்தக் கற்பனை வீட்டில் அந்த உதவி இல்லை. யார் வில்லன், எந்தக் கதவு திறக்கும், ஒன்றும் தெரியாது. வரிசையும் குட்டை. நேரம் போதாதென்றால் சினிமா வீடு ஒன்று, மீதி எல்லாம் சொந்தக் கற்பனை என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

மழை பெய்தால்?

வீடுகள் நடக்கும், தெரு வேஷக்காரர்கள் உள்ளே போய்விடுவார்கள், டிக்கெட் பணம் பொதுவாகத் திரும்ப வராது. மழை நின்றதும் வரிசைகள் அதிசயமாகக் குட்டையாகியிருக்கும். மழைக்கோட்டோடு காத்திருப்பவருக்கு லாபம்.

தனியாகப் போகலாமா?

போகலாம். பேய் வீட்டில் முன்பின் தெரியாதவர்களோடு சேர்த்துத்தான் விடுவார்கள். இரண்டாவது அறையிலேயே யாரோ ஒருவர் உங்கள் கையைப் பிடித்திருப்பார். ஆனால் ஒரு மணி நேர வரிசை தனியாக நின்றால் இரண்டு மணி நேரம். பவர் பேங்க் கொண்டுபோங்கள்.

வீடியோ எடுக்கலாமா?

தெருவில் எடுக்கலாம். வீட்டுக்குள் கூடாது, போன் வெளிச்சம் உங்களுக்குப் பின்னால் வருகிற இருபது பேரின் இருட்டைக் கெடுக்கும். மறுநாளே வீடு முழுவதையும் யாராவது இணையத்தில் ஏற்றிவிடுகிறார்கள். போகும்முன் அதைப் பார்க்காதீர்கள்.

நாமும் பேய் வேஷம் போட்டுப் போகலாமா?

யூனிவர்சலில் முடியாது. வேஷமும் முகமூடியும் அணிந்து வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். யார் நடிகர், யார் பார்வையாளர் என்று ஊழியர்களுக்குத் தெரிய வேண்டுமே. ஹாலோவீன் படம் போட்ட டி-ஷர்ட்டுக்குத் தடையில்லை. வேறு பூங்கா என்றால் அதன் விதிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பெரிய பையையும் வண்டியிலேயே விட்டுவிடுங்கள், சோதனை வாசலில் பை இல்லாதவர்களுக்கான வரிசை பல இடங்களில் தனியாக, வேகமாக நகரும்.